கத்தரித்து வைத்த ஐந்து வரி

லாஸ் பல்மாஸ் துறை
22 நவம்பர் 1976

சேசு மரி சூசை துணை

என் மெட்டில்டாவுக்கு, அவள் புருஷன் இனிகோ எழுதுவது.

நான் இன்னும் மூழ்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதத்தைப் பிரித்ததும் கடைசி வரிக்கு ஓடுவாய். நிதானமாகப் படி. நீ ஐந்தாம் கிளாஸ், நான் மூன்றாம் கிளாஸ். என் எழுத்து புரியவில்லை என்றால் உன் படிப்பைத்தான் குறை சொல்லுவேன்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இது ஒரு தீவு. ஸ்பெயின்காரர் ஊர். இங்கே கரையில் உட்கார்ந்திருக்கிற துரைசாணிகளைப் பற்றி எழுதினால் உனக்குக் கோபம் வரும். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கர்ச்சீப்பு அளவு துணியில் மேலும் கீழும் மறைத்துக்கொண்டு வெயிலில் கருவாடு மாதிரி காய்கிறார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அவ்வளவுதான்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். இனிமேல் செயின்ட் லூசியா என்கிற தீவுதான். நம்முடைய லூசியம்மாள் பேரில் ஒரு தீவு இருப்பது உனக்குத் தெரியுமா? உலகத்துப் பணக்காரரெல்லாம் அங்கே போய்ச் சும்மா இருக்கிறார்களாம். அவர்கள் காசு கொடுத்துப் போகிறார்கள், எனக்கு ஆல்டன் துரை சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகிறார். போன ஜனவரியில் நம்ம துறையில் பாய்மரம் ஒடிந்து நின்றவருக்கு மரம் நிறுத்திக் கொடுத்தேன். "என்னோடு வருகிறாயா" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்தப் பத்துப் பேரில் ஒருவன் குறைந்திருந்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

உன்னிடம் மறைக்கவில்லை, பயமாக இருக்கிறது. நம்ம தோணியில் அதை நடத்துகிற தண்டல் நான் உட்பட ஒன்பது பேர். துரையின் 'லாரா' படகில் ரெண்டே பேர். தோணி இழுத்துப்போகிற சின்ன வள்ளத்தைவிட நாலு முழம் கூட இருக்கும். கொழும்புக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி ஓட்டம். இது இருபத்தைந்து நாள். நடுவில் கால் வைக்க ஒரு கல் கிடையாது.

துரையும் சரியாக இல்லை. ஏணியில் பாதியில் நின்று கடலைப் பார்க்கிற மாதிரி நடிக்கிறார். முகம் சுண்ணாம்பாக இருக்கிறது. முந்தாநாள் தனியாக எங்கேயோ போய்வந்தார். நேற்றுத் துறையில் எல்லோரும் பார்க்க, உடம்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் கத்தினேன். அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். சாயந்திரம் ரொட்டி வாங்கிவந்து எனக்குப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் கல்யாணத்தன்று மாதா கோயில் படியில் தடுக்கி என் மேல் விழுந்தாயே, அது தடுக்கி விழுந்தது இல்லை, வேண்டுமென்றே விழுந்தாய். அன்றைக்கே எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெருங்கடலுக்குப் போகிறவன் எதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு போகக் கூடாது.

நம்ம மகள் ஞானசௌந்தரிக்கு ஐந்தாம் மாதம் அல்லவா. கீழவைப்பார் பஸ்ஸில் அவளை ஏற்றாதே, அந்த ரோட்டுக்குப் பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும்.

கடிதத்தைத் துரையிடம் கொடுக்கிறேன். அவர்தான் இங்கிலீஷில் விலாசம் எழுதித் தபாலில் போடுவார்.

உன் கறுப்புத் தண்டல்,
இனிகோ

*

தூத்துக்குடி
14 டிசம்பர் 1976

மரியே துணை

அவுகளுக்கு மெட்டில்டா எழுதியது.

கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி கடைசி வரிக்குத்தான் முதலில் ஓடினேன். ஓடினதும் நல்லதாகப் போயிற்று. உங்கள் கையெழுத்துக்குக் கீழே இங்கிலீஷில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஐந்து வரி இருக்கிறதே, அது யார்? உங்களைப் பார்த்துச் சிரித்தவளா? உங்கள் கடிதத்தில் இடம் பிடித்து எனக்கு எழுதுகிற அளவுக்கு அவளுக்கு என்ன வந்தது? 'லாரா' என்பது படகுதானே, வேறு ஒன்றும் இல்லையே?

இதை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் நான் வாசிக்கச் சொல்ல? அடுத்த தெரு ஜெபசெல்வி டீச்சரிடம் போனால், "ஒங்க வீட்டுக்காரருக்கு யாரு எழுதியிருக்கா" என்று கேட்பாள். மானம் போகும். கத்தரிக்கோலை எடுத்தேன், அந்த ஐந்து வரியையும் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். உங்கள் எழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது. அது போதும் எனக்கு.

கோயில் படி விஷயத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஐம்பது வயசுக்கு அந்த நினைப்பு எதற்கு?

நடுவில் ஒரு கல் கிடையாது என்று எதற்காக எழுதினீர்கள்? நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை அந்தத் தீவுத் தபாலாபீசுக்குத்தான் போடுகிறேன். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் இது சேர்ந்துவிடும். சேர்ந்ததும் 'சேர்ந்தேன்' என்று ஒரு வரி போதும். துரைசாணிகள் செய்தி வேண்டாம்.

மெட்டில்டா

*

தூத்துக்குடி
4 ஜனவரி 1977

மரியே துணை

அவுகளுக்கு.

நாற்பது நாள் ஆகிவிட்டது. தபால்காரர் கிளாட்வின் தெருமுனையிலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். என் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார் போலிருக்கிறது.

கிறிஸ்மஸ் அன்று கோயிலுக்குப் போகவில்லை. போனால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நேற்று உங்கள் அண்ணன் மனுவேல் அத்தான் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏளா மெட்டில்டா, நாப்பது நாள் ஆயிட்டு. அவன் பாயையும் தலவாணியையும் எடுத்துக் கொடு. கடல்ல விட்டுட்டு வந்துருதோம். வீட்ல கெடந்தா அவன் அங்கயும் போகமாட்டான், இங்கயும் வரமாட்டான், நடுவுல கெடந்து தவிப்பான்" என்றார்.

கடலில் போனவனுடைய சாமானைக் கடலுக்கே விடுவது உங்கள் குடும்பத்து வழக்கம் என்று எனக்கும் தெரியும். உங்கள் சித்தப்பாவுக்கு விட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் சொன்னேன், "அத்தான், அவுக பாயில நான்தான் படுக்கேன். எடுக்கணும்னா என்னையும் சேத்துச் சுருட்டுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வருவார். என்ன சொல்லி அனுப்புவேன் என்று தெரியவில்லை.

நீங்கள் இருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் எழுதுகிறேனா, தெரியவில்லை. துரைசாணி செய்தியானாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

மெட்டில்டா

*

காஸ்ட்ரீஸ், செயின்ட் லூசியா
9 ஜனவரி 1977

சேசு மரி சூசை துணை

மெட்டில்டா,

சேர்ந்தேன்.

நீ கேட்ட ஒரு வரி இது. இத்தோடு நிறுத்த முடிந்தால் நிறுத்தியிருப்பேன்.

வந்து பதினோரு நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை. தந்தி அடிக்கலாம் என்று நினைத்தேன், என்ன அடிப்பது? உயிரோடு இருக்கிறேன், போலீசில் இருக்கிறேன் என்றா?

துரை இறந்துவிட்டார். கிளம்பிப் பதினாலாம் நாள் மத்தியானம். சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "இனிகோ" என்றார். நான் கஞ்சிச் சட்டியோடு ஏறி வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் வரைக்கும் வைத்திருந்தேன். அதற்கு மேல் வெயில் விடவில்லை. பழைய பாய்மரத் துணியில் வைத்துத் தைத்து, காலில் நங்கூரச் சங்கிலி கட்டி, ஜெபமாலை சொல்லி இறக்கினேன். அவர் நம்ம சபை இல்லை. எனக்குத் தெரிந்த ஜெபத்தைத்தானே நான் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பா தோணியில் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தேன். அவர் மெத்தை, சட்டை, செருப்பு, கண்ணாடி, சாப்பிட்ட தட்டு, தினம் எழுதுகிற நோட்டு, தலைமாட்டில் இருந்த தகரப்பெட்டி, எல்லாவற்றையும் அவர் பின்னாலேயே அனுப்பிவிட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. செத்தவன் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அப்பா அடித்துச் சொல்லியிருக்கிறார். இப்போது போலீஸ் சொல்கிறது, அவருடைய பாஸ்போர்ட், படகுப் பத்திரம், மருந்து எல்லாம் அதில்தான் இருந்திருக்க வேண்டுமாம்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். கறுப்பர், கோயிலுக்குப் போகிறவர். மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, "ஒரு மனிதன் வருஷக்கணக்காக ஒரு படகில் வாழ்ந்திருக்கிறான். அவனுடைய ஒரு பொத்தான்கூட அதில் இல்லை. நீ என் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவாய்" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த துறைமுகத்து இங்கிலீஷில் வழக்கம் என்றேன். யாருடைய வழக்கம் என்றார். எங்கள் அப்பாவுடையது என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

லாஸ் பல்மாஸிலிருந்து இன்னொரு படகு வந்திருக்கிறது. நானும் துரையும் துறையில் கத்தினதைப் பார்த்தோம் என்று அதில் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பொய் இல்லை. கத்தினேன்தான்.

மற்ற இருபது நாளும் தனியாக ஓட்டினேன். அதை எழுத மாட்டேன். சாயந்திரச் சூரியன் மூக்குக்கு நேராக இருக்கும்படி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். தூரத்தில் ரெண்டு கூர்மலை தெரிந்தபோது அழுதேன். பிழைத்தோம் என்று நினைத்து அழுதேன். முட்டாள்.

இந்த ஊரைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். தினம் ஒரு கப்பல் வந்து ஆயிரம் பேரை இறக்குகிறது. ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு, முதுகு செம்மீனாகச் சிவந்து, தேங்காயில் குழல் போட்டு உறிஞ்சுகிறார்கள். எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிறார்கள், அது பாட்டாக வருகிறது. என்னைப் படகிலேயே தங்கச் சொல்லி, துறையை விட்டுப் போகக் கூடாது என்று போலீஸ்காரரைக் காவல் வைத்திருக்கிறார்கள். தொப்பிக்காரர்கள் வந்து என்னையும் படம் எடுக்கிறார்கள், நான் இந்த ஊர்க்காரன் என்று நினைத்து. ஒரு அம்மாள் சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். கொலைக் கேஸில் இருக்கிறவனைப் படம் எடுத்தோம் என்று தெரிந்தால் சட்டகம் போட்டு மாட்டியிருப்பாள்.

இப்போது கவனமாகப் படி. உன் டிசம்பர்க் கடிதத்தை இன்று தபாலாபீசிலிருந்து போலீசே வாங்கிவந்து கொடுத்தது. என் கையெழுத்துக்குக் கீழே ஐந்து வரி இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் பார்க்கவில்லை. எந்தத் துரைசாணியும் இல்லை. கடிதத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் துரைதான். அவர்தான் எழுதியிருக்கிறார்.

என்ன எழுதினாரோ. எங்கள் சண்டைக்கு மறுநாள் எழுதியது அது. இவன் என்னிடம் கத்தினான், இவனை நம்பவில்லை என்று எழுதியிருந்தால் நான் தொலைந்தேன். வேறு எதாவது எழுதியிருந்தால் பிழைத்தேன். எதுவானாலும் அவர் கையால் எழுதியது உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி.

நீ அதை அடுப்பில் போட்டேன் என்கிறாய். நிஜமாகப் போட்டாயா? உன் விளையாட்டுப் பேச்சு எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை என் வெற்றிலைப் பெட்டியைக் கிணற்றில் போட்டேன் என்று சொல்லியிருப்பாய். இதுவும் அந்த மாதிரிதான் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை மட்டும் பொய் சொல்லியிருக்க வேண்டும் நீ.

மார்ச் முதல் வாரத்தில் விசாரணை.

இனிகோ

*

தூத்துக்குடி
29 ஜனவரி 1977

மரியே துணை

என் தண்டலுக்கு,

பொய்தான் சொன்னேன்.

கத்தரித்தது நிஜம். அடுப்பு வரைக்கும் கொண்டுபோனதும் நிஜம். போடப் போகும்போது அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில் உங்கள் எழுத்து இருந்தது. 'அது தடுக்கி விழுந்தது இல்லை, வேண்டுமென்றே' என்று. அதை எப்படி அடுப்பில் போடுவேன்? மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். உங்களைக் கொஞ்சம் வயிறெரிய விடலாம் என்று அப்படி எழுதினேன். நீங்கள் நடுக்கடலில் தனியாகக் கிடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியுமா?

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கிளாட்வின் தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வந்தார். 'சேர்ந்தேன்' என்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தையும் படித்துவிட்டு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை உருவினேன்.

மானத்தைப் பார்க்காமல் ஜெபசெல்வி டீச்சரிடம் ஓடினேன். ஆனால் துண்டைக் கையில் கொடுக்க மனசு வரவில்லை. டீச்சர் சொன்னாள், "பயந்து என்ன செய்ய, குடுங்க. நல்லதா கெட்டதான்னு தெரியாம இருக்கிறதுதான் பெரிய நரகம்." கொடுத்தேன். அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வரி முடிந்தது. முகம் மாறவில்லை. ரெண்டாவது வரியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

பிறகு தமிழில் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

'திருமதி இனிகோ, உங்கள் கணவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். என் இருதயம் கெட்டுவிட்டது, கடலில் போகக் கூடாது என்று இந்த ஊர் டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இனிகோ சந்தேகப்பட்டு நேற்று என்னோடு சண்டை போட்டார், உண்மை தெரிந்தால் என்னைத் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார். எனக்கு ஏதாவது ஆனால் குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல. மன்னியுங்கள்.'

கீழே பேரும் தேதியும் இருக்கிறது.

டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மன்னிக்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார், எனக்குத் தெரியாத பாஷையில். என் புருஷனை என்னிடம் கேட்காமல் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்த் தனியாக விட்டுவிட்டு. செத்த மனுஷனைத் திட்டக் கூடாது. நேற்று ராத்திரி முழுக்கத் திட்டினேன். இன்று காலை அவர் பேருக்குப் பூசைக்குக் கொடுத்தேன்.

என் புத்தியையும் திட்டிக்கொள்கிறேன். வந்த அன்றைக்கே டீச்சரிடம் காட்டியிருந்தால் தந்தியாவது அடித்திருக்கலாம். "அவுக கடல்ல இருந்தாக, யாருக்கு அடிப்பீக" என்கிறாள் டீச்சர். இருந்தாலும்.

ஒரு பெண்பிள்ளை பேரைக் கற்பனை பண்ணிக்கொண்டு ஒன்றரை மாதம் அந்தத் துண்டோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது இன்னொரு பயம். துண்டை அனுப்ப வேண்டும். நகல் எழுதி அனுப்பலாமா என்றால், துரையின் கையெழுத்து என்று நம்ப மாட்டார்கள், அசல்தான் வேண்டும் என்கிறாள் டீச்சர். வழியில் தொலைந்தால்? உங்கள் உயிர் ஒரு விரல் அகலத் தாள். அதைத் தபால்பெட்டியில் எப்படிப் போடுவேன்? துண்டு மட்டும் போனால் எங்கிருந்தோ கத்தரித்தது என்பார்கள், அதனால் உங்கள் நவம்பர்க் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பினேன். நான் கத்தரித்தபோது கோணலாகப் போய்விட்டது. கோயில் படி வரியில் சில எழுத்துகளின் தலை கடிதத்தில் இருக்கிறது, கால் துண்டில் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்தும். தொலைந்தால் இருக்கட்டும் என்று டீச்சர் எழுதின நகலில் பங்குச் சாமியார் முத்திரை வைத்துக் கொடுத்தார். அவர் கோயில் படி வரியை வாசித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ரெண்டையும் இன்று ரெஜிஸ்டர் தபாலில் போட்டேன், இந்தக் கடிதம் தனியாக வருகிறது. கொடுத்துவிட்டுக் கவுண்டரை விட்டு நகரவில்லை. அங்கே இருந்த தேவபிரசாதம் சார் என் கண் முன்னாலேயே பையில் போட்டுக் கட்டி, "வீட்டுக்குப் போங்கம்மா, இனி அது எங்க பொறுப்பு" என்றார்.

நேற்று மனுவேல் அத்தான் மறுபடி வந்தார். "உயிரோட இருக்காகளாம்" என்றேன். அவர் உங்கள் தலையணையை எடுத்து வெயிலில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தக் கடிதங்களில் உங்களுக்குப் பதிலாக நான்தான் சிரிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு வரவில்லை. சீக்கிரம் வந்து உங்கள் வேலையை நீங்களே பாருங்கள்.

உங்கள்,
மெட்டில்டா

*

காஸ்ட்ரீஸ்
5 மார்ச் 1977

சேசு மரி சூசை துணை

ஏளா பொய்க்காரி,

விட்டுவிட்டார்கள்.

உன் ரெஜிஸ்டர் விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னால்தான் வந்தது. அதுவரைக்கும் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. துறையில் தொப்பி பின்னுகிற ஒரு அம்மாள் தினம் பொரித்த மீன் கொண்டுவந்து வைப்பாள். வைத்தபடி இருக்கும். மாஜிஸ்ட்ரேட்டு கடிதத்தையும் துண்டையும் மேஜையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தார். தலையும் காலும் பொருந்தின. லாஸ் பல்மாஸ் டாக்டருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். ஆமாம், சொன்னேன் என்று அவரும் பதில் அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்தப் பொருந்துகிற வரி என்ன என்று மாஜிஸ்ட்ரேட்டு கேட்டார். தமிழ் தெரிந்தவர் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்து கோர்ட்டில் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். அவர் தமிழில் வாசித்தார், இங்கிலீஷில் சொன்னார். கோயில், படி, விழுந்தது, இருபத்தாறு வருஷம், எல்லாம் கோர்ட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் என் பக்கம் திரும்பி, "உம்மட மனுசி வேணுமெண்டுதான் விழுந்தவவோ" என்று கேட்டார். "அவ இன்னும் பதில் சொல்லேல்ல" என்று அவர் மாதிரியே சொன்னேன். மூன்று மாதத்தில் அன்றுதான் என் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. உடனே அழுகை வந்துவிட்டது. கோர்ட்டில் நின்று அழுத தண்டல் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடிதத்தையும் துண்டையும் கோர்ட்டு வைத்துக்கொண்டது. கேட்டேன், தர மாட்டார்களாம். ஆகையால் உன்னிடம் அது இல்லை இனி.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கேட்டார், அவருடைய சாமானை எல்லாம் கடலில் போடாமல் இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே, இனியாவது அந்த வழக்கத்தை விடுவாயா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மை என்ன தெரியுமா? தனியாக ஓட்டின இருபது நாளும் துரை ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. அவருடைய சட்டை ஒன்று கொடியில் தொங்கியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

உன் ஜனவரி நாலாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது, எல்லாம் முடிந்த பிறகு. அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் பாயில் நீ படுத்துக்கிடந்ததை.

வாழைப்பழக் கப்பலில் இங்கிலாந்து போய், அங்கிருந்து பம்பாய். ஏப்ரல் நடுவில் வந்துவிடுவேன். பதிலைப் பம்பாய் மாலுமி விடுதிக்குப் போடு.

இனிகோ

*

தூத்துக்குடி
23 மார்ச் 1977

மரியே துணை

என் தண்டலுக்கு,

ஞானசௌந்தரிக்கு ஆண் பிள்ளை. கீழவைப்பாரிலிருந்து நான்தான் அவளை முன்கூட்டியே காரில் கூட்டிவந்தேன், பஸ்ஸில் இல்லை. உங்களை மாதிரியே முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடக்கிறான்.

இன்னும் பயம் விடவில்லை. கிளாட்வின் மணி அடித்தாலே வாசலுக்கு ஓடுகிறேன். நீங்கள் ரயிலில்தான் வர வேண்டும். பம்பாயில் எவனாவது தோணி இருக்கிறது என்று கூப்பிட்டால், பத்துப் பேர் முன்னால் கூப்பிட்டாலும், மாட்டேன் என்று சொல்லப் பழகுங்கள்.

உங்கள் பாய், தலையணை, செருப்பு, வெற்றிலைப் பெட்டி, எல்லாம் எடுத்த இடத்தில் இருக்கின்றன. ஒரு பொத்தான்கூடக் கடலுக்குப் போகவில்லை.

கோர்ட்டில் அந்த டாக்டர் கேட்டதற்குப் பதில். நீங்கள் பத்திரப்படுத்த வேண்டாம், அவர்களுடைய கணக்கிலும் ஏற்ற வேண்டாம்.

ஆமாம். வேண்டுமென்றேதான் விழுந்தேன்.

மெட்டில்டா